ஆடும் பலகை: அலுவலகத்துக்கு எது? உடற்பயிற்சிக்கு எது?

மாணவர்களே, இந்த வாரக் கட்டுரையை ஒரு மன்னிப்புடன் தொடங்குகிறேன். மன்னிப்பு உங்களிடம் அல்ல, என் அண்ணனிடம்.

என் அண்ணன் கணக்குத் துறையில் வேலை பார்க்கிறார். வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை. நாள் முழுவதும் உட்கார்ந்திருந்து இடுப்பு வலி வந்துவிட்டது. அதனால் நின்றுகொண்டே வேலை செய்வதற்கு உயரமான மேசை ஒன்றை வாங்கினார். அதோடு சேர்த்துச் சமநிலைப் பலகை ஒன்றும் வாங்க நினைத்து என்னிடம் கேட்டார். “நீதானே அறிவியல் டீச்சர், எதை வாங்கலாம் சொல்லும்மா.”

நான் இணையக் கடையில் படங்களைப் பார்த்தேன். உருளை ஒன்றின் மேல் நீளமான பலகையை வைத்து, அதன் மேல் ஓர் இளைஞர் சிரித்துக்கொண்டு நிற்கும் படம் பிடித்திருந்தது. “இது நல்லா இருக்கு அண்ணா” என்றேன். அவ்வளவுதான் என் ஆராய்ச்சி.

பலகை வந்த மூன்றாம் நாள், அண்ணன் அதில் நின்றபடி தட்டச்சு செய்துகொண்டிருந்தபோது பின்னால் கைத்தொலைபேசி ஒலித்தது. திரும்பிப் பார்த்தார். பலகை ஒரு பக்கம் பறந்தது. அவர் மறுபக்கம் விழுந்தார். வலது கையை ஊன்றியதில் மணிக்கட்டு எலும்பு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு.

பலகையில் குறை எதுவும் இல்லை. அது அலைச்சறுக்கு வீரர்கள் பயிற்சி செய்வதற்கான பலகை. மேசைக்கு முன்னால், அதுவும் வழுவழுப்பான தரையோட்டின் மேல், வைத்து வேலை செய்வதற்கானது அல்ல. படிவம் 4 மாணவர்களுக்கு விசையும் இயக்கமும் கற்பிக்கும் நான், அந்தப் பாடத்தை என் சொந்த அண்ணனுக்குப் பயன்படுத்த மறந்துவிட்டேன். நீங்கள் மறக்கக் கூடாது என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

உங்களில் சிலர் காற்பந்து, செப்பாக் தக்ராவ், வலைப்பந்து விளையாடுபவர்கள். கணுக்கால் சுளுக்கியவர்களும் இருப்பீர்கள். உங்கள் அப்பாவோ அக்காவோ அலுவலகத்துக்கு இப்படிப்பட்ட பலகை வாங்க நினைக்கலாம். அப்போது உங்களிடம் கேட்பார்கள். சரியான பதில் சொல்ல வேண்டுமானால், முதலில் நாம் எப்படி விழாமல் நிற்கிறோம் என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

நிற்பதும் ஒரு வேலைதான்

எழுந்து நில்லுங்கள். ஒரு காலைத் தூக்குங்கள். கை நீட்டினால் தொடும் தூரத்தில் சுவர் இருக்கட்டும். 30 விநாடி நிற்பது பெரும்பாலோருக்கு எளிது. இப்போது கண்களை மூடிக்கொண்டு அதையே செய்யுங்கள். சில விநாடிகளில் கணுக்கால் இப்படியும் அப்படியும் துடிக்கத் தொடங்கும். பலர் 10 விநாடிக்குள் மறுகாலை ஊன்றிவிடுவார்கள்.

கண்ணை மூடியதும் ஏன் தடுமாறினோம்? நம் மூளை, உடல் எந்த நிலையில் இருக்கிறது என்பதை மூன்று வழிகளில் அறிகிறது. அவற்றில் ஒன்றை நீங்கள் அடைத்துவிட்டீர்கள்.

முதல் வழி, கண். சுவரும் சன்னலும் நிமிர்ந்து நிற்பதைப் பார்த்து நாமும் நிமிர்ந்து நிற்கிறோம்.

இரண்டாம் வழி, உட்காது. ஒவ்வொரு காதின் உள்ளேயும் மூன்று அரைவட்டக் குழாய்கள் ஒன்றுக்கொன்று செங்குத்தாக அமைந்துள்ளன. அவற்றினுள் திரவம் இருக்கிறது. ஒரு குவளை தே ஓ ஐஸை மேசை மேல் வைத்து, குவளையை மட்டும் சட்டென்று திருப்பிப் பாருங்கள். குவளை திரும்பும், பனிக்கட்டிகள் இருந்த இடத்திலேயே நிற்கும். நிலைமம்தான் காரணம். தலையைத் திருப்பும்போது குழாயிலுள்ள திரவமும் அப்படித்தான் பின்தங்குகிறது. அதனால் அங்குள்ள நுண்மயிர் உயிரணுக்கள் வளைந்து, “தலை திரும்புகிறது” என்று மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. இவற்றுக்குப் பக்கத்தில் கால்சியம் கார்பனேட்டாலான மிகச் சிறிய செவிக்கற்கள் உள்ளன. தலை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதை இவை காட்டிக்கொடுக்கின்றன. உட்காதின் இந்த வேலையை ஆராய்ந்த ராபர்ட் பாரனி என்ற மருத்துவர் 1914ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசைப் பெற்றார். பரிசுச் செய்தி வந்தபோது அவர் ரஷ்யாவில் போர்க்கைதியாக இருந்தார்!

மூன்றாம் வழி, தசையும் மூட்டும். கண்ணை மூடிக்கொண்டு உங்கள் ஆள்காட்டி விரலால் மூக்கு நுனியைத் தொட முடிகிறது அல்லவா? கை எங்கே இருக்கிறது என்பதைப் பார்க்காமலே உங்களுக்குத் தெரிகிறது. தசைகளிலும், தசைநாண்களிலும், மூட்டுகளைக் கட்டி வைத்திருக்கும் தசைநார்களிலும் உள்ள உணர்வேற்பிகள் அந்தச் செய்தியைத் தருகின்றன. உள்ளங்காலின் தோலும் அழுத்தம் எங்கே கூடுகிறது, எங்கே குறைகிறது என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது.

இந்த மூன்று செய்திகளையும் சிறுமூளை ஒப்பிட்டு, தசைகளின் இயக்கத்தை நொடிக்கு நொடி திருத்துகிறது. நீங்கள் அசையாமல் நிற்பதாக நினைக்கும்போதும் உடல் மெல்ல ஆடிக்கொண்டுதான் இருக்கிறது. சமநிலைப் பலகை இந்த ஆட்டத்தைப் பெரிதாக்குகிறது. முக்கியமாக மூன்றாம் வழிக்கு அதிக வேலை கொடுக்கிறது.

தஞ்சாவூர் பொம்மையும் நீங்களும்

தஞ்சாவூர் பொம்மையைப் பார்த்திருக்கிறீர்களா? அடிப்பகுதி அரைப்பந்து போல வளைந்திருக்கும். எவ்வளவு தள்ளினாலும் ஆடி ஆடி மீண்டும் எழுந்து நிற்கும். அது விழாததற்குக் காரணம், எடை முழுவதும் அடியில் இருப்பதுதான். அறிவியல் மொழியில் சொன்னால், அதன் ஈர்ப்பு மையம் வளைவின் மையத்துக்குக் கீழே இருக்கிறது. வளைவின் மையம் என்பது, அந்த அரைப்பந்து எந்த உருண்டையின் பாதியோ, அந்த உருண்டையின் நடுப்புள்ளி.

இதைச் செய்து பார்க்கலாம். மேசைப்பந்து ஒன்றைப் பெரியவர் ஒருவரின் உதவியுடன் இரண்டாக வெட்டுங்கள். ஒரு பாதியில் பிளாஸ்டிசினை நிரப்புங்கள். பாதியாக ஒடித்த சாத்தே குச்சி ஒன்றை நடுவில் நேராகச் செருகுங்கள். தள்ளிப் பாருங்கள், தஞ்சாவூர் பொம்மை போல எழுந்து நிற்கும். இப்போது கோலிக்குண்டு அளவு பிளாஸ்டிசின் உருண்டையைக் குச்சியின் அடிப்பகுதியில் ஒட்டுங்கள். மீண்டும் தள்ளுங்கள். உருண்டையைச் சிறிது சிறிதாக மேலே ஏற்றிக்கொண்டே போங்கள். ஆட்டம் மெதுவாகிக்கொண்டே வரும். ஒரு குறிப்பிட்ட உயரத்தைத் தாண்டியதும் பொம்மை எழாது, சாய்ந்தே கிடக்கும். அந்த உயரத்தில்தான் மொத்த ஈர்ப்பு மையம் வளைவின் மையத்தைத் தாண்டி மேலே போய்விட்டது.

இப்போது உங்களை நினைத்துப் பாருங்கள். நிமிர்ந்து நிற்கும் மனிதரின் ஈர்ப்பு மையம், உயரத்தில் பாதிக்குச் சற்று மேலே, தொப்புளுக்குக் கொஞ்சம் கீழே இருக்கிறது. உங்கள் உயரம் 160 சென்டிமீட்டர் என்றால், தரையிலிருந்து சுமார் 88 சென்டிமீட்டர். நீங்கள் நிற்கும் பலகையின் அடியில் உள்ள வளைவின் ஆரமோ 10 சென்டிமீட்டர்தான் என்று வைத்துக்கொள்வோம். ஈர்ப்பு மையம் வளைவின் மையத்துக்கு மிக மிக மேலே இருக்கிறது. பொம்மையாக இருந்தால் நீங்கள் உடனே விழ வேண்டும். விழாமல் நிற்பது உங்கள் மூளையும் தசையும் செய்யும் வேலையால்தான்.

இதிலிருந்து பலகை தேர்வுக்கான முதல் விதி கிடைக்கிறது. அடிப்பகுதியின் வளைவு எவ்வளவு தட்டையாக, அதாவது ஆரம் எவ்வளவு பெரிதாக இருக்கிறதோ, பலகையில் நிற்பது அவ்வளவு எளிது. வளைவு எவ்வளவு கூர்மையாக இருக்கிறதோ, நிற்பது அவ்வளவு கடினம். கடையில் பலகையைத் திருப்பி, அடிப்பகுதியைப் பாருங்கள். மேலே உள்ள வண்ணமும் படமும் பிறகு.

நான்கு குடும்பங்கள்

கடைகளில் பல பெயர்களில் விற்றாலும், பலகைகளை நான்கு குடும்பங்களாகப் பிரிக்கலாம்.

ஒன்று, ராக்கர் பலகை. அடியில் நீளவாக்கில் இரண்டு வளைந்த கட்டைகள் இருக்கும். ஊஞ்சல் நாற்காலி போல முன்பின்னாகவோ, பக்கவாட்டிலோ, ஒரே அச்சில் மட்டும் சாயும். தொடக்கநிலையினருக்கு ஏற்றது.

இரண்டு, வாபல் பலகை. வட்டமான தட்டின் அடியில் அரைப்பந்து போன்ற குமிழ் இருக்கும். எல்லாத் திசைகளிலும் சாயும், சுழலவும் செய்யும். கணுக்கால் சிகிச்சையில் அதிகம் பயன்படுவது இதுதான்.

மூன்று, உருளைப் பலகை. பலகை தனி, உருளை தனி. பலகை சாய்வதோடு, உருளையின் மேல் இடவலமாக ஓடவும் செய்யும். இங்கே நியூட்டனின் மூன்றாம் விதி வேலை செய்கிறது. நீங்கள் பலகையை ஒரு பக்கம் தள்ளினால், பலகை உங்களை மறுபக்கம் தள்ளும். மற்றப் பலகைகளில் தவறினால் விளிம்பு தரையைத் தொட்டு நின்றுவிடும். உருளைப் பலகையில் தவறினால் பலகை காலுக்கடியிலிருந்து பறந்துவிடலாம். என் அண்ணனுக்கு நடந்தது அதுதான்.

நான்கு, காற்றடைத்த வகை. ஒரு பக்கம் தட்டையாகவும் மறுபக்கம் ரப்பர் அரைப்பந்தாகவும் இருக்கும். உடற்பயிற்சிக் கூடங்களில் பார்த்திருப்பீர்கள். அமெரிக்கரான டேவிட் வெக் 1999இல் உருவாக்கிய ‘போசு’ இந்த வகையில் பெயர்பெற்றது. தட்டையான பக்கம் தரையில் இருந்தால், கால் மெத்தையில் புதைவது போல இருக்கும், கவிழாது. மென்மையான நுரைத் திண்டுகளையும் இந்தக் குடும்பத்தில் சேர்க்கலாம்.

எவ்வளவு சாயும்? கணக்குப் போடுவோம்

பலகையின் பெட்டியில் சாய்வுக் கோணம் எழுதியிருக்காவிட்டாலும் நீங்களே கணக்கிடலாம். பலகை மட்டமாக இருக்கும்போது தரையிலிருந்து அதன் உயரம் h. நடுவிலிருந்து விளிம்பு வரையுள்ள நீளம் a. விளிம்பு தரையைத் தொடும்போது சாய்வுக் கோணத்தின் சைன் மதிப்பு தோராயமாக h ÷ a. வளைவின் வடிவத்தைப் பொறுத்து உண்மைக் கோணம் சற்று மாறும். ஆனால் இரண்டு பலகைகளை ஒப்பிட இது போதும்.

முதல் பலகை: நீளம் 50 சென்டிமீட்டர், உயரம் 3 சென்டிமீட்டர். a என்பது 25. ஆகவே 3 ÷ 25 = 0.12. கோணம் சுமார் 7 பாகை.

இரண்டாம் பலகை: நீளம் அதே 50 சென்டிமீட்டர், உயரம் 7 சென்டிமீட்டர். 7 ÷ 25 = 0.28. கோணம் சுமார் 16 பாகை.

பார்வைக்கு 4 சென்டிமீட்டர்தான் வித்தியாசம். ஆனால் சாய்வு இரு மடங்குக்கும் மேல். நம் கணுக்கால், பாதத்தை மேல்நோக்கி மடக்கும்போது சுமார் 20 பாகைதான் வளையும். 16 பாகை சாயும் பலகை கணுக்காலை அதன் எல்லைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விடுகிறது. பயிற்சி பெற்றவருக்கு அது சவால். மின்னஞ்சல் எழுதிக்கொண்டிருப்பவருக்கு அது ஆபத்து.

அலுவலகத்துக்கு எது?

முதலில், அலுவலகத்தில் பலகை எதற்கு என்று கேட்போம். திங்கட்கிழமை காலை சபைகூடலில் யாராவது மயங்கி விழுவதைப் பார்த்திருப்பீர்கள். காலை உணவு சாப்பிடாததும் வெயிலும் காரணங்களாக இருக்கலாம். இன்னொரு காரணமும் உண்டு. அசையாமல் நிற்கும்போது புவியீர்ப்பினால் இரத்தம் கால்களில் தேங்குகிறது. நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி விரிந்து, சிரைகளை அழுத்தி, இரத்தத்தை இதயத்தை நோக்கி மேலே தள்ளுகிறது. அதனால்தான் அதை இரண்டாம் இதயம் என்று சொல்வதுண்டு. அசையாமல் நின்றால் அந்தப் பம்பு ஓய்ந்துவிடுகிறது. மூளைக்குப் போகும் இரத்தம் குறைந்தால் மயக்கம் வருகிறது.

மேசைக்கு முன்னால் மணிக்கணக்கில் மரம் போல நிற்பதும் நல்லதல்ல என்பது இதிலிருந்து புரியும். மெல்ல ஆடும் பலகை, கெண்டைக்கால் தசையை அடிக்கடி சுருங்கி விரிய வைக்கிறது. அலுவலகப் பலகையின் உண்மையான பயன் இதுதான்.

‘பலகையில் நின்றே எடை குறையலாம்’ என்ற விளம்பரத்தை நம்பி வாங்க வேண்டாம். உட்கார்ந்திருப்பதைவிட நிற்பதால் நிமிடத்துக்குச் சுமார் 0.15 கிலோகலோரிதான் கூடுதலாகச் செலவாகிறது என்று, பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஆராய்ச்சி ஒன்று 2018இல் காட்டியது. 6 மணி நேரம் நின்றால் 360 × 0.15 = 54 கிலோகலோரி. ஒரு ரொட்டி சானாயில் சுமார் 300 கிலோகலோரி இருக்கிறது. பலகை கொஞ்சம் கூட்டினாலும், ஒரு ரொட்டி சானாய்க்கே ஈடாகாது.

ஆகவே அலுவலகப் பலகைக்குத் தேவை கடினம் அல்ல. கவனத்தைத் திருடாமல் இருப்பது. மூளை சமநிலையிலேயே மூழ்கிவிட்டால் கணக்கில் பிழை வரும். கணக்கில் மூழ்கிவிட்டால் ஆள் விழுவார். எனவே உயரம் குறைவாக, வளைவு தட்டையாக, சாய்வு 10 பாகைக்குள் இருக்கும் ராக்கர் பலகை அல்லது அதுபோன்ற தாழ்ந்த பலகை நல்லது. இரு கால்களையும் இடம் மாற்றி வைக்கும் அளவுக்கு அகலம் வேண்டும். ஒரே அடியில் தரைக்கு இறங்கக்கூடிய உயரம் வேண்டும்.

பலர் மறக்கும் ஒன்று, மேசையின் உயரம். பலகை உங்களை 6 சென்டிமீட்டர் உயர்த்தினால், மேசையையும் திரையையும் 6 சென்டிமீட்டர் உயர்த்த வேண்டும். இல்லையென்றால் முழங்கை செங்கோணத்தில் இருக்காது. குனிந்து தட்டச்சு செய்து கழுத்து வலி வரும். கால் வலிக்கு மருந்து தேடிக் கழுத்து வலியை வாங்கிய கதையாகிவிடும். ஆகவே மேசையின் உயரத்தை மாற்ற முடியுமா என்று பார்த்துவிட்டுத்தான் பலகையை வாங்க வேண்டும்.

முதல் வாரத்தில் ஒரு தடவைக்கு 5 முதல் 10 நிமிடம் போதும். பின்னால் சக்கர நாற்காலி, மேசை முனை, மின்கம்பி எதுவும் இருக்கக் கூடாது. தொலைபேசி ஒலித்தால் முதலில் இறங்க வேண்டும்; பிறகு திரும்ப வேண்டும். இந்தக் கடைசி விதியை அண்ணன் தம் மேசையில் எழுதி ஒட்டியிருக்கிறார்.

உடற்பயிற்சிக் கூடத்துக்கு எது?

இங்கே கதை வேறு. கவனம் முழுவதையும் பலகைக்கே கொடுக்கலாம். ஆகவே கடினமான பலகையும் பொருந்தும். ஆனால் எதற்காக என்று முதலில் முடிவு செய்ய வேண்டும்.

கணுக்கால் சுளுக்கை எடுத்துக்கொள்வோம். பெரும்பாலும் பாதம் உள்பக்கமாக மடங்கி, வெளிப்பக்கத் தசைநார் இழுபடுகிறது அல்லது கிழிகிறது. வீக்கம் வடிந்து, வலி போன பிறகும் சிலருக்கு அந்தக் கால் ‘கைவிட்டுவிடும்’; சமதரையில் ஓடும்போதே மடங்கும். ஏன்? 1965இல் பிரிட்டனில் ஃப்ரீமன் என்ற எலும்பு மருத்துவரும் அவருடன் பணியாற்றியவர்களும் ஒரு விளக்கத்தை முன்வைத்தார்கள். தசைநார் கிழியும்போது அதிலுள்ள உணர்வேற்பிகளும் சேதமடைகின்றன. கால் மடங்கத் தொடங்குவதை மூளை சரியாக உணர்வதில்லை என்பது அவர்கள் கருத்து. நாம் மேலே பார்த்த மூன்றாம் வழியில்தான் பழுது. அந்த வழியை மீண்டும் பழக்குவதற்குச் சமநிலைப் பயிற்சி உதவுகிறது.

இதை விளையாட்டுத் திடலிலும் சோதித்தார்கள். நெதர்லாந்தில் 2001–2002 பருவத்தில் கைப்பந்துக் குழுக்களைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. சில குழுக்கள் சமநிலைப் பலகையில் பயிற்சி செய்தன. மற்றவை வழக்கமான பயிற்சியை மட்டும் செய்தன. முடிவைக் கவனமாகப் படியுங்கள். பலகைப் பயிற்சி கணுக்கால் சுளுக்கைக் குறைத்தது. ஆனால் முன்பே சுளுக்கு ஏற்பட்டவர்களிடம் மட்டுமே அந்தப் பலன் தெளிவாகத் தெரிந்தது. மேலும், முன்பு முழங்கால் காயம் இருந்தவர்களில், பலகைப் பயிற்சி செய்தவர்களிடம் முழங்கால் வலி அதிகமாகக் காணப்பட்டது. ஒரே பலகை ஒருவருக்கு மருந்து, இன்னொருவருக்குத் தொல்லை. ‘எல்லாருக்கும் நல்லது’ என்று எழுதியிருக்கும் பெட்டியைப் பார்க்கும்போது இந்த ஆய்வை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே சுளுக்கிலிருந்து மீள்பவர்கள் உடற்பயிற்சிச் சிகிச்சையாளர் ஒருவரிடம் காட்டி, அவர் சொல்லும் நாளில் தொடங்க வேண்டும். வழக்கமான வரிசை: முதலில் சமதரையில் ஒற்றைக்கால், பிறகு நுரைத் திண்டு, பிறகு ராக்கர் பலகை இரு காலுடன், அதன் பிறகு வாபல் பலகை, கடைசியில் ஒற்றைக்கால். ஒரு படியில் 30 விநாடி நிலையாக நிற்க முடிந்தால்தான் அடுத்த படி. ஆட்டத்துக்குத் திரும்ப வேண்டும் என்ற அவசரத்தில் படிகளைத் தாண்டாதீர்கள். இரண்டாம் முறை சுளுக்கினால் பருவம் முழுவதும் திடலுக்கு வெளியேதான்.

அலைச்சறுக்கு, சறுக்குப்பலகை விளையாடுபவர்களுக்கு உருளைப் பலகை பொருந்தும். பலகையின் அடியில் இரு முனைகளிலும் தடுப்புக் கட்டைகள் உள்ளதா என்று பாருங்கள். உருளை அவற்றைத் தாண்டி வெளியே ஓடாது.

தசையை வலுவாக்குவதுதான் நோக்கமா? அப்படியானால் பலகை மேல் நின்று கனமான எடையைத் தூக்காதீர்கள். தரை ஆடும்போது உடல் தன் ஆற்றலில் பெரும்பகுதியை விழாமல் இருப்பதற்குச் செலவிடுகிறது. தசையால் முழு விசையைக் கொடுக்க முடிவதில்லை. கனமான எடையை உறுதியான தரையில் தூக்குங்கள். சமநிலைப் பயிற்சியைத் தனியாகச் செய்யுங்கள்.

தரையும் பொருளும்

நம் வீடுகளில் பெரும்பாலும் தரையோடுதான். துடைத்த ஈரம் இருந்தால், அல்லது காலுறை அணிந்திருந்தால், உராய்வு மிகவும் குறைந்துவிடும். பலகை சாய்வதற்குப் பதிலாக வழுக்கும். ரப்பர் விரிப்பு ஒன்றை அடியில் போடுங்கள். அது உராய்வைக் கூட்டுகிறது. பலகையின் வேகத்தையும் தணிக்கிறது. தொடக்கத்தில் வெறுங்காலே சிறந்தது. உள்ளங்காலின் செய்தி மூளைக்குத் தடையில்லாமல் போகும்.

நம் நாட்டுக் காற்றில் ஈரப்பதம் அதிகம். மரத்தூளை அழுத்திச் செய்த மலிவான பலகைகள் ஈரத்தையும் வியர்வையையும் உறிஞ்சி ஊதி, ஓரம் உதிரும். பல அடுக்குகளாலான ஒட்டுப்பலகை நீடிக்கும். பக்கவாட்டில் பார்த்தால் அடுக்குகள் வரிவரியாகத் தெரியும். மேற்பரப்பு சொரசொரப்பாக இருக்க வேண்டும். தாங்கும் எடை எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். நீங்கள் தடுமாறி அழுத்தும்போது பலகையின் மேல் விழும் விசை உங்கள் எடையைவிட அதிகம். ஆகவே எழுதியிருக்கும் அளவு உங்கள் எடையைவிடத் தாராளமாகக் கூடுதலாக இருக்கட்டும்.

தலைசுற்றல் உள்ளவர்கள், அண்மையில் எலும்பு முறிந்தவர்கள், கர்ப்பிணிகள், வயதானவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதில் ஏறக் கூடாது. பாட்டிக்கு விளையாட்டாக ஏற்றிக் காட்டாதீர்கள். நமக்குச் சிரிப்பாக முடியும் விழுதல் அவருக்கு இடுப்பெலும்பு முறிவாக முடியலாம்.

வாங்கும் முன் நான்கு கேள்விகள்

1. எதற்கு? வேலை செய்துகொண்டே நிற்பதற்கா, தனியாகப் பயிற்சி செய்வதற்கா?

2. எந்தத் திசையில் சாயும்? ஒரே அச்சா, எல்லாத் திசைகளுமா, ஓடவும் செய்யுமா?

3. எவ்வளவு சாயும்? உயரத்தையும் பாதி நீளத்தையும் அளந்து கணக்கிடுங்கள்.

4. எந்தத் தரையில், யார் நிற்கப் போகிறார்கள்?

இந்த நான்குக்கும் பதில் கிடைத்த பிறகு விலையைப் பாருங்கள். நான் விலையையும் படத்தையும் மட்டும் பார்த்தேன்.

அண்ணனின் மணிக்கட்டு இப்போது நலம். தாழ்ந்த ராக்கர் பலகை ஒன்றை அவரே அளந்து பார்த்து வாங்கினார். உயரம் 4 சென்டிமீட்டர், நீளம் 52 சென்டிமீட்டர். ரப்பர் விரிப்பின் மேல் வைத்திருக்கிறார். காலையில் இரண்டு முறை, மாலையில் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் 10 நிமிடம் நிற்கிறார். உருளைப் பலகை என் வீட்டுக்கு வந்துவிட்டது. அடுத்த தவணையில் அதை அறிவியல் கூடத்துக்குக் கொண்டுபோகிறேன். யாரும் ஏறுவதற்கு அல்ல. அதன் மேல் மணல் மூட்டை ஒன்றை வைத்து, மூன்றாம் விதியைக் காட்டுவதற்கு.

உங்களுக்கு ஒரு கணக்கு: அண்ணனின் புதிய பலகை அதிகபட்சம் எத்தனை பாகை சாயும்? அலுவலகத்துக்கு அது பொருந்துமா?

விடை: பாதி நீளம் 26 சென்டிமீட்டர். 4 ÷ 26 = 0.154. கோணம் சுமார் 9 பாகை. 10 பாகைக்குள் இருப்பதால் பொருந்தும்.